ஆர்.வி.யில் பிரான்சன் போகலாமா? அப்பா நாடக மேடை ஆர்மோனியக்காரர்

ஆர்மோனியக்காரர் மகள்:

வணக்கம். செயின்ட் லூயிஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது. புதுக்கோட்டைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கோயில் திருவிழா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வீட்டுப் பக்கமே வரமாட்டார். அப்படிப்பட்டவர் இங்கே வந்து ஒரு மாதமாக ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மிசௌரியின் தெற்கே இருக்கும் பிரான்சன் ஊரில் நாள் முழுக்க மேடை நிகழ்ச்சிகள் நடக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அக்டோபரில் நான்கு நாள் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும், வெளிச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. அதனால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 25 அடி வண்டி (கிளாஸ் சி ஆர்.வி.) வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். இதை ஓட்டிக்கொண்டே தியேட்டர் தியேட்டராகப் போக முடியுமா? எங்கே தங்குவது? அப்பாவுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. இரண்டு மணி நேரம் உட்காருவாரா என்பதுதான் பெரிய கவலை.

ஸ்பிரிங்ஃபீல்டுவாசி:

சகோதரி, கட்டாயம் கூட்டிப்போங்கள். பதினோரு வருடமாக ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறேன், என் பெற்றோரை இரண்டு முறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன்.

வழி எளிது. 44-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்பிரிங்ஃபீல்டு, அங்கிருந்து தெற்கே 65. மொத்தம் சுமார் 250 மைல். ஆர்.வி.யில் ஐந்து மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். 65-இல் ஓசார்க் மலை ஏற்ற இறக்கங்கள் வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஊருக்குள் ஆர்.வி.யை ஓட்டவேண்டாம். தியேட்டர்களில் டூர் பஸ் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும், அது பிரச்சினை இல்லை. தியேட்டர்கள் வரிசையாக இருக்கும் 76-ஆம் சாலையில் மாலையில் வண்டி நகராது. ஒரு முறை இரண்டு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அம்மா பின்னால் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டே வந்தார். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் காரைப் பின்னாலேயே ஓட்டி வரட்டும். 76-ஐச் சுற்றிப் போக சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் போட்ட மாற்றுப் பாதைகள் இருக்கின்றன. வரைபடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு, டேனிகோமோ ஏரிக்கரையில் நகராட்சியே நடத்தும் ஆர்.வி. பார்க் நல்ல இடம். பழைய கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். மேலே டேபிள் ராக் அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் கோடையிலும் ஜில்லென்று இருக்கும், விடியற்காலையில் ஏரி மேல் பனிப்புகை நிற்கும். அப்பா அங்கே காபியோடு உட்காரட்டும். அக்டோபரில் இலை நிறம் மாறுகிற கூட்டம் வரும், இப்போதே பதிவு செய்யுங்கள்.

சரி, மொழி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு அந்த ஊர் புரியும் என்றுதான் நினைக்கிறேன். 1959-இல் மேப் குடும்பத்து நான்கு அண்ணன் தம்பிகள் துணி துவைக்கும் பலகையையும் வாளித் தொட்டியையும் வாத்தியமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் பால்ட்நாபர்ஸ் என்ற மேடை நிகழ்ச்சி. 1967-இல் பிரெஸ்லி குடும்பம் 76-ஆம் சாலையில் முதல் தியேட்டரைக் கட்டியது. நிகழ்ச்சி ஓடாவிட்டால் படகு நிறுத்தும் கொட்டகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று தரையைச் சமமாகப் போட்டார்களாம். இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் வரை அந்த மேடையில் வாசிக்கிறார்கள். நம் ஊரில் அப்பாவுக்குப் பின்னால் மகன் மேடையேறுவது போலத்தான்.

இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் பபூன் உண்டு. கிழிந்த உடுப்பும் கோணல் தொப்பியுமாக வந்து விழுவார், டிரம்ஸ்காரர் சரியாக அந்த நேரத்தில் ஓர் அடி போடுவார். அதைப் பார்த்தால் அப்பாவுக்கு நாடகத்தில் தாளமும் சத்தங்களும் கொடுக்கும் ஆல்ரவுண்டு வாசிப்பவர் நினைவு வரும். ஜப்பானில் ஒசாகாவிலிருந்து வந்த ஷோஜி தபுச்சி என்பவர் அந்த ஊரில் ஃபிடில் வாசித்துத்தான் பெரிய நட்சத்திரம் ஆனார். 2023-இல் காலமானார். பாட்டுக்கு மொழி தடை இல்லை, பயப்படாதீர்கள்.

பிரம்மாண்டமாக வேண்டுமென்றால் சைட் அண்ட் சவுண்ட் என்ற தியேட்டர். 2000 இருக்கை, மூன்று பக்கமும் மேடை, நிஜக் குதிரையும் ஒட்டகமும் வரும். பைபிள் கதைகள். ஆர்.எஸ். மனோகரின் பிரம்மாண்டமான நாடக செட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தனி மகிழ்ச்சி.

ஒரு நாளைக்கு ஒரே நிகழ்ச்சி போதும். காலை பத்து மணிக்கே தொடங்குபவை உண்டு, வயதானவர்களுக்கு அதுதான் வசதி. டிக்கெட் வாங்கும்போது மேடையை ஒட்டிய ஓரத்து இருக்கை கேளுங்கள். வாத்தியக்காரர்களின் விரல் தெரியவேண்டும்.

மிசௌரி மாமி:

நானும் இரண்டு வார்த்தை. சாலையோரம் "இலவச டிக்கெட்" என்று பலகை வைத்திருப்பார்கள். நிற்காதீர்கள். டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் பங்கு, விற்பவர்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி ஓரிடத்தில் எங்களை நாலு மணி நேரம் உட்காரவைத்து, எங்கள் மாலைக் காட்சி போயிற்று. காசு கொடுத்தே டிக்கெட் வாங்குங்கள்.

அப்புறம், ஆர்.வி. பார்க்கில் 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் ஏ.சி., மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் சேர்த்துப் போடாதே அம்மா, மின்சாரம் போய்விடும். குக்கரை கேஸ் அடுப்பில் வை. கழிவறைத் தொட்டி வால்வைத் திறந்தே வைக்கக்கூடாது. முக்கால்வாசி நிறைந்ததும் மொத்தமாகத் திறந்துவிட்டு, பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயை அந்தத் தண்ணீரே கழுவிவிடும். புளிக்காய்ச்சல், தேங்காய்ப் பொடி வீட்டிலேயே செய்துகொண்டு போ.

ஆர்மோனியக்காரர் மகள்:

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரெஸ்லி நிகழ்ச்சிக்குத்தான் முதலில் போனோம். ஸ்பிரிங்ஃபீல்டு அண்ணன் சொன்னபடி ஓரத்து இருக்கை. முதல் பாட்டு முடிவதற்குள் அப்பாவின் வலது கை முழங்கால் மேல் போய்விட்டது. விரல்கள் கட்டையைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தன, இடது கை காற்று போட்டது. பபூன் வந்ததும் என் பக்கம் திரும்பி, "இவன் நுழையறதுக்கு முன்னாடியே அந்த டிரம்ஸ்காரன் தயாராயிட்டான் பாரு" என்றார். இடைவேளையில் கலைஞர்கள் கூடத்துக்கே வந்து எல்லோரிடமும் பேசினார்கள். அப்பா ஃபிடில்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டு அப்பாவின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினொரு மணி வரை அம்மாவுக்கும் எனக்கும் பாடினார். பக்கத்து ஆர்.வி.யில் இருந்த வயதான தம்பதியர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

இன்னும் ஏழு வாரம் இங்கே இருப்பார். செயின்ட் லூயிஸ் பக்கம் யாரிடமாவது ஆர்மோனியம் இரவலாகக் கிடைக்குமா? நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.