மறைக்காடா, மரைக்காடா? வேதாரண்யத்தின் பழைய பெயர்

கோடிக்கரையான்:
எங்கள் வேதாரண்யத்துக்குத் தேவாரத்தில் பெயர் மறைக்காடு. வேதங்களே வந்து சிவனைப் பூசித்து, கோயில் கதவை அடைத்துவிட்டுப் போயின என்று தலபுராணம் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கத்துக் கோடியக்கரையில் இன்றும் வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. மரை என்பது மான் வகை. மரைக்காடு என்ற பெயர் மறைக்காடு என்று மாறி, அதை வடமொழியில் பெயர்த்து வேதாரண்யம் ஆக்கிவிட்டார்கள்.

ஓலைக்கட்டு:
பெயர்த்தார்கள் என்பது சரி. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் அப்படித்தான். ஆனால் ‘மரை’யை ஏற்க முடியாது. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் இந்த ஊரை ‘சதுரம் மறைதான் துதிசெய்து வணங்கும்’ என்று பாடிவிட்டார். அதோடு, மரை மலைநாட்டு விலங்கு. குறுந்தொகை 235ஆம் பாட்டில் மரைக்கூட்டம் நெல்லிக்காய் தின்னும் முற்றம், அருவி விழும் மலையை ஒட்டிய ஊரில் இருக்கிறது. உங்கள் வெளிமானுக்குச் சங்கப் பாட்டில் இரலை என்று பெயர். மானால் வந்த பெயர் என்றால் இரலைக்காடு என்றல்லவா இருக்க வேண்டும்?

கோடிக்கரையான்:
ஊர்ப்பெயர் வைத்தவர்கள் புலவர்கள் இல்லையே ஐயா. ஆடு மேய்க்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் இரலை வேறு, மரை வேறு என்று பிரித்துப் பார்த்தா பெயர் வைப்பார்கள்? சம்பந்தர் வருவதற்கு முன்பே ஒலி மாறியிருக்கலாம். காதில் விழுந்த பெயருக்கு அவர் பொருள் சொல்லியிருப்பார்.

ஓலைக்கட்டு:
இன்று நம் வாயில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. அன்று அப்படி இல்லை, இரண்டும் தனித்தனி ஒலி. ஏடு எழுதியவர் பிழை என்றும் சொல்ல முடியாது. ஏட்டில் குழம்புவது ர-வும் கால் குறியும் (ா)தான், ற-வின் வடிவம் வேறு.

நெய்தல்மகள்:
இரண்டு பேரும் ‘மறை’ என்றால் வேதம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்களே! மறைத்தல் என்ற வினை இருக்கிறதே. சுந்தரர் கோடியக்கரைச் சிவனான கோடிக்குழகரைப் பாடும்போது பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறும் காடு என்கிறார். ஆளை மறைக்கும் அளவுக்கு அடர்ந்த காடு, அதனால் மறைக்காடு. இதற்கு ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஓலைக்கட்டு:
இது யோசிக்க வேண்டிய கருத்து, அம்மா. சம்பந்தர் பாட்டோடும் மோதவில்லை. பழைய பெயருக்கு அவர் வேதப் பொருள் ஏற்றினார் என்று கொள்ளலாம்.

கோடிக்கரையான்:
சரி, மானை விட்டுவிடுகிறேன். பெயர் காட்டிலிருந்து வந்தது, வேதத்திலிருந்து அல்ல என்பதை மட்டும் விடமாட்டேன்.