என் நாய் பெயரில் பணம் எழுதி வைக்க முடியுமா?

மாம்பலம் பாட்டி:
வயது 71. மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறேன், மகன் டொரொண்டோவில். கூட இருப்பது கருப்பன், நாட்டு நாய். அவனுக்கு அடிக்கடி காதில் சீழ் வைக்கும். சொட்டு மருந்து விட என்னையும் வேலைக்கு வரும் பெண்ணையும் தவிர யாரையும் கிட்டே சேர்க்கமாட்டான். ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவுக்கு உயிலில் ஏற்பாடு செய்ததைப் பேப்பரில் படித்ததிலிருந்து இதே யோசனை. பேங்கில் இருக்கும் மூன்று லட்சத்தைக் கருப்பன் பெயரில் எழுதலாமா? மகனிடம் பேச்செடுத்தாலே, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று போனை வைத்துவிடுகிறான்.

பத்திரம் எழுதுபவன்:
முடியாதும்மா. சட்டத்தின் கண்ணில் கருப்பனும் உங்கள் பீரோ மாதிரி ஓர் உடைமைதான், உடைமைக்குச் சொத்து எழுத முடியாது. நாயையும் பணத்தையும் சேர்த்து ஒரு மனுஷருக்கு எழுதுங்கள். அவரால் முடியாமல் போனால் அடுத்து யார் என்றும் எழுதுங்கள். டிரஸ்ட் எல்லாம் இந்தத் தொகைக்குத் தேவையில்லை. உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பணம் வெளியாளுக்குப் போவதால் பதிவு செய்துவிடுவது நல்லது.

மூன்று பூனைக்காரி:
உயில் நாம் போன பிறகுதான் பேசும். நீங்கள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால்? எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் இறந்தபோது உயில் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நாய் பால்கனியில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் வீட்டுச் சாவி ஒன்றை இப்போதே கொடுத்து வையுங்கள். மருந்தின் பெயர், டாக்டர் நம்பர், ஊசிச் சீட்டு எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கட்டும். கொஞ்சம் பணத்தைத் தனி டெபாசிட்டாகப் போட்டு அவரையே நாமினி ஆக்குங்கள், கைக்குச் சீக்கிரம் வரும். ஆனால் நாமினி ஆனால் மட்டும் பணம் சொந்தமாகிவிடாது, உயிலிலும் அதை அவருக்கே எழுத வேண்டும்.

மாம்பலம் பாட்டி:
வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்டேன். பணத்தைப் பற்றிப் பேசவே விடவில்லை. ஆனால் அவள் வீட்டு ஓனர் நாய் கூடாது என்கிறாராம்! கீழ்வீட்டு மாமி வைத்துக்கொள்ளத் தயார், காதைத் தொடத்தான் பயம். இப்போது யார் பெயரில் எழுதுவது?

பத்திரம் எழுதுபவன்:
இரண்டு பேருக்கும். நாயும் சாப்பாட்டுச் செலவும் மாமிக்கு, மருந்து போட வந்து போக ஒரு தொகை அந்தப் பெண்ணுக்கு. யாருக்கு எவ்வளவு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிவிடுங்கள்.