கவ்மிய்யா, வதனிய்யா: ‘தேசியம்’ என்ற ஒரே சொல் போதாது

அன்புள்ள நண்பர்களே,

அரபு நாடுகளில் காலனிய ஆட்சி பற்றிய மொழிபெயர்ப்புக்காக, கவ்மிய்யா, வதனிய்யா என்ற இந்த இரண்டு அரபுச் சொற்களும் தமிழ்ச்சொல் தேடி இங்கே வந்தன. ‘இரண்டும் தேசியம்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்’ என்பதே இதுவரை வந்த பெரும்பான்மைக் கருத்து. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த வரலாற்றின் முதன்மையான சிக்கலே தமிழில் காணாமல் போய்விடும். என் பரிந்துரை: கவ்மிய்யா = மக்களினத் தேசியம்; வதனிய்யா = தாயகத் தேசியம்.

கவ்ம் என்றால் மக்கள் கூட்டம். வதன் முன்பு ஒருவர் பிறந்த ஊரையும் மண்ணையும் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் ‘தாய்நாடு’ என்ற அரசியல் பொருள் அதில் ஏறியது. எனவே ‘நான் அரபி’ என்பது முன்னது, ‘நான் ஈராக்கி’ என்பது பின்னது. இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்கலாம். ஆனால் 1920க்குப் பிறகு அரசு அலுவலகங்கள் அவற்றை மோதவிட்டன.

ஈராக்கையே பாருங்கள். பாஸ்ரா, பாக்தாத், மோசுல் என்ற மூன்று உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கிய) மாகாணங்களைச் சேர்த்து, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆணையாட்சி (சங்கம் ஒப்படைத்த மேற்பார்வை ஆட்சி) என்ற பெயரில் பிரிட்டன் நடத்திய நாடு அது. 1921இல் அரியணை ஏறிய மன்னர் பைசல், மெக்கா இருக்கும் ஹிஜாஸ் பகுதிக்காரர். 1932 வரை புழங்கிய பணம் இந்திய ரூபாய். நாட்டுப்புற இனக்குழுக்களுக்கென்று 1916இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. அதற்கு முன்மாதிரி, இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடப்பில் இருந்த குற்ற ஒழுங்குமுறைச் சட்டம். நகரத்தான் ஒரு சட்டத்தின் கீழ், நாட்டுப்புறத்தான் ஷேக் என்ற குழுத் தலைவரின் கீழ் வேறொரு சட்டத்தில். மன்னராட்சியை வீழ்த்திய 1958 புரட்சி வரை இது நீடித்தது. ஒரே நாட்டு மக்கள் என்ற உணர்வு வளரவேண்டிய காலத்தில் நிர்வாகமே அவர்களை இரண்டாக வைத்திருந்தது. 1933இல் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய குறிப்பொன்றில், ஈராக்கிய மக்கள் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை என்று பைசலே வருந்தியிருக்கிறார்.

1924இன் குடியுரிமைச் சட்டம் இன்னும் கூர்மையான சான்று. உஸ்மானியக் குடிகளாகப் பதிவானவர்கள் பிறப்பிலேயே ஈராக்கியர் ஆனார்கள். கர்பலா, நஜஃப் பக்கத்து ஷியா குடும்பங்கள் பல, உஸ்மானியப் படைக்கு ஆளெடுப்பதிலிருந்து தப்பப் பாரசீக (ஈரானிய) குடிகளாகப் பதிந்திருந்தன. தலைமுறை தலைமுறையாக அரபு பேசி அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள் இதனால் ‘பாரசீகச் சார்பினர்’ ஆனார்கள்.

இதன் விளைவு கல்வித் துறையில் வெடித்தது. அரபு மக்களினத் தேசியத்தின் பெரிய கோட்பாட்டாளர் சாத்தி அல்-ஹுஸ்ரிதான் அப்போது பாக்தாதில் கல்வியை நடத்தினார். சிரியாவின் அலெப்போ நகரக் குடும்பம், பிறந்தது யேமனின் சனாவில், பைசலோடு ஈராக்குக்கு வந்தவர். மொழியும் வரலாறும்தான் ஒரு மக்களை ஆக்குகின்றன என்பது அவர் கொள்கை. நஜஃபில் பிறந்த அல்-ஜவாஹிரி, பிற்காலத்தில் அரபுலகம் முழுதும் கொண்டாடிய கவிஞர். 1927 வாக்கில் அவருடைய ஆசிரியர் வேலையில் குடியுரிமைக் கேள்வியை எழுப்பியவர் இந்த ஹுஸ்ரிதான். மொழியே மக்களினம் என்றவர், அரபு மொழியின் தலைசிறந்த கவிஞரிடம் தாயகச் சான்று கேட்டார்! இந்தப் பத்தியை ‘தேசியம்’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், எது எதோடு மோதுகிறது என்றே தெரியாது. 1980இல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஈரான் எல்லைக்கு அப்பால் விரட்டவும் அதே ‘சார்பு’ முத்திரைதான் பயன்பட்டது.

இனி வந்த மாற்றுப் பரிந்துரைகள்.

> கவ்மிய்யாவுக்கு ‘மொழிவழித் தேசியம்’ எனலாமே

ஹுஸ்ரிக்கு இது அழகாகப் பொருந்தும். ஆனால் அன்தூன் சஆதா 1932இல் பெய்ரூத்தில் தொடங்கிய சிரிய சமூகத் தேசியக் கட்சியும் தன் பெயரில் ‘கவ்மி’ என்றே வைத்திருக்கிறது. சஆதாவுக்கு மொழி அடிப்படையன்று. சிரிய நிலப்பரப்பில் காலங்காலமாகக் கலந்து வாழ்ந்த மக்களே ஒரு தேசம். அரபு ஒற்றுமைக் கொள்கையை எதிர்த்த சஆதாவும் ‘கவ்மி’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. ஆகவே மொழியைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிடக் கூடாது.

> ‘பேரினத் தேசியம்’ என்றால் என்ன?

ஈழத்து நண்பர்கள் இதற்கு உடனே மறுப்புச் சொன்னது சரி. பேரினவாதம் என்ற சொல்லோடு அங்கே எத்தனை துயரம் ஒட்டியிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. ‘இனம்’ என்றாலே குருதி வழி என்று ஒருவர் அஞ்சியிருந்தார். குறளின் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் இனம் என்பது சேர்ந்து பழகும் கூட்டம்தான், பிறப்பு அன்று. ‘மக்கள்’ முன்னால் நிற்கும்போது அந்தப் பழைய பொருள் மேலே வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

> வதனிய்யாவுக்கு ‘எல்லைவழித் தேசியம்’. எல்லைக்கோடு போட்டது வெள்ளைக்காரன்தானே

இதைத்தான் நான் வலுவாக மறுக்கிறேன். எகிப்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. எகிப்திய விடுதலைத் தலைவர் முஸ்தஃபா காமிலின் வதனிக் கட்சியும், இன்னொரு தலைவர் ஸக்லூல் நாடு கடத்தப்பட்டதும் மூண்ட 1919 எழுச்சியும் நைல் நாட்டின் பழைய உருவத்திலிருந்து வந்தவை. கோடு கிழிக்கப்பட்ட சிரியாவில்கூட மக்கள் கோட்டை அப்படியே ஏற்கவில்லை. 1920 ஜூலையில் டமாஸ்கஸ் அருகே மைசலூன் போரில் வென்ற பிரெஞ்சுப் படையின் தலைமைத் தளபதி கூரோ, நாட்டைக் கூறு போட்டார்: டமாஸ்கஸ் ஒரு அரசு, அலெப்போ ஒரு அரசு, அலவிகள் என்ற சிறுபான்மைச் சமயப் பிரிவினருக்கு ஒன்று, பிறகு அதுபோன்ற இன்னொரு பிரிவினரான துரூஸ்களுக்கு ஒன்று, லெபனான் தனி. 1925இல் துரூஸ் மலையிலிருந்து கிளம்பிய சுல்தான் அல்-அத்ரஷ் கேட்டது துரூஸ்களுக்கெனப் பிரான்ஸ் தந்த அரசை அன்று. முழுச் சிரியாவின் விடுதலையை. அந்த அக்டோபரில் டமாஸ்கஸ் மீது குண்டு மழை பொழிந்தது. அதற்குப் பின் எழுந்த அரசியல் அணியின் பெயர் ‘அல்-குத்லா அல்-வதனிய்யா’, அதாவது தாயக அணி.

மொராக்கோவிலும் இதே கதை. பிரெஞ்சு ஆட்சியின்போது வந்த 1930 மே 16இன் ஆணை, அந்நாட்டின் பழங்குடி மக்களான பெர்பர்களின் பகுதிகளை ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து பிரித்து வழக்காற்று மன்றங்களின் கீழ் வைத்தது. சலே நகரப் பள்ளிவாசலில் தொடங்கி ஃபெஸ் வரை, ‘எங்களையும் எங்கள் பெர்பர் சகோதரர்களையும் பிரித்துவிடாதே’ என்று இறைவனிடம் கூட்டாக இறைஞ்சினார்கள். பேரிடர்க் காலத்தில் ஓதும் மன்றாட்டை அரசியல் முழக்கமாக்கிய அந்தத் தொழுகைகளில்தான் மொராக்கோவின் நவீன தேசிய இயக்கம் பிறந்தது. பிரிக்க வந்த ஆணையே சேர்த்து வைத்தது. ‘எல்லைவழி’ என்றால் இந்த மக்களின் பங்கு முழுவதும் கோடு போட்ட அதிகாரியின் கணக்கில் போய்ச் சேரும். ‘தாயகம்’ மக்கள் பக்கம் நின்று பேசும் சொல்.

ஒரு சொல் மீதியிருக்கிறது: குத்ர். அரபுத் தாயகம் முழுவதையும் ஒன்றாகக் கருதுவோர் சிரியா, ஈராக் போன்ற ஒவ்வொரு நாட்டையும் அதன் கூறாகப் பார்த்துச் சொல்வது. அரபு ஒற்றுமையை முன்வைத்து 1947இல் டமாஸ்கஸில் தோன்றிய பாத் கட்சியில் ‘கவ்மி’ தலைமை அரபுலகம் முழுதுக்கும் இருந்தது. ‘குத்ரி’ தலைமை சிரியா போன்ற ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக இருந்தது. தமிழில் ‘தேசியத் தலைமை’, ‘பிராந்தியத் தலைமை’ என்று போட்டால், முதலாவது சிரியாவுக்கும் இரண்டாவது அதன் ஏதோ ஒரு மாவட்டத்துக்கும் என்றுதான் வாசகர் நினைப்பார். ‘உறுப்புநாடு’ ஐ.நா. வழக்கில் நிலைத்துவிட்டது. ‘கூறுநாடு’ சரிப்படுமா? கூறுநாட்டுத் தலைமை, மக்களினத் தலைமை என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்