பின்திரை வானமாகத் தெரியாமல் பலகையாகவே தெரிகிறது, எங்கே தப்பு?

கிளைப்பாதை:

வணக்கம். சுவரை ஒட்டி எல் வடிவத்தில் ஒரு மாதிரி ரயில் லேஅவுட் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹெச்ஓ அளவு, அதாவது 1:87, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. நீளப் பக்கம் மூன்றரை மீட்டர், குட்டைப் பக்கம் இரண்டு மீட்டர், மேசையின் அகலம் 60 செ.மீ. தண்டவாளம், வயரிங் எல்லாம் முடிந்து வண்டி தடம் புரளாமல் ஓடுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. காட்சி வேலையில் கை வைத்ததிலிருந்துதான் தூக்கம் போய்விட்டது.

பின்னால் 3 மி.மீ. ஹார்ட்போர்டு நிறுத்தி, நீலம் அடித்து, மேகம், மலை எல்லாம் வரைந்தேன். பக்கத்தில் நின்று வரையும்போது நன்றாகத்தான் இருந்தது. நான்கு எட்டு பின்னால் வந்து பார்த்தால் போட்டோ ஸ்டுடியோவில் தொங்கவிடும் பழைய திரை மாதிரி இருக்கிறது. ரயில் முன்னால் போகும்போது கண் ரயிலுக்குப் போகாமல் என் மேகங்களுக்குப் போகிறது.

அதோடு ஒரு மண்சாலை நேராகப் போய்ப் பலகையில் முட்டி நிற்கிறது. அதன் தொடர்ச்சியைப் பலகையில் வரைந்து பார்த்தேன், ஒரே ஒரு இடத்தில் நின்று பார்த்தால் பொருந்துகிறது, தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் சாலை ஒடிந்துவிடுகிறது. மூலையில் வானத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. மரங்களின் நிழல் வானத்தில் விழுகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அச்சடித்த படம் ஒட்டிவிடலாமா, இல்லை இதையே தேற்ற முடியுமா?


எண்பத்தேழு:

பிடுங்க வேண்டாம். மேகங்களை மட்டும் இன்றைக்கே வெள்ளை அடித்து மூடுங்கள், பாதி வியாதி அதோடு போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் மேசை 60 செ.மீ., அதை 87ஆல் பெருக்கினால் சுமார் 52 மீட்டர். அதாவது நிஜ உலகில் 52 மீட்டர் ஆழத்துக்குத்தான் உங்களிடம் நிலம் இருக்கிறது, அதைத் தாண்டியதும் பலகை. அந்தப் பலகையில் நீங்கள் வரைந்திருப்பது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலை. 52 மீட்டருக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய வயல், தோப்பு, மேடு எதுவும் இல்லாததால்தான் கண் அதை நம்ப மறுக்கிறது. வரைந்த கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இடைநிலம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு நான் செய்வது, பலகைக்கு முன்னால் கடைசி எட்டு பத்து செ.மீ. இடத்தைச் சமதளமாக விடுவதே இல்லை. பின்னோக்கி மெல்ல ஏறும் ஒரு மேடு, அதன் முதுகில் புதர், புதருக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம். பலகையும் தரையும் சேரும் கோடு அந்தப் பள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. சாலைக்கும் இதே வைத்தியம்தான். நேராகப் பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். மேட்டில் ஏற்றி, உச்சிக்குக் கொஞ்சம் முன்பாக ஒரு பக்கம் வளைத்து, மரக்கூட்டத்துக்குப் பின்னால் மறையவிடுங்கள். அதற்கப்புறம் சாலை எங்கே போகிறது என்று பார்ப்பவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். ஓடை, வேலி, மின்கம்பிக்கும் இதுதான், பலகையைச் செங்குத்தாகத் தொடும் எதுவும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வானம். டப்பாவில் இருந்து எடுத்த நீலத்தை அப்படியே மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே போய்ப் பாருங்கள், தலைக்கு மேல் இருக்கும் நீலம் அடிவானத்தில் இருக்காது, அங்கே ஏறக்குறைய வெள்ளை. கீழ்ப்பட்டை முழுக்கத் துளி நீலம் கலந்த வெள்ளை, மேலே நீலம், இரண்டும் ஈரமாக இருக்கும்போதே நடுவில் அகலமான ப்ரஷ்ஷைக் குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் போடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே போங்கள். காய்ந்துவிட்டால் கோடு விழும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. பெயின்ட் கண்டிப்பாக மேட், துளி பளபளப்பு இருந்தாலும் விளக்கு அதில் தெரியும்.

மலைக்குத் தனி டப்பா திறக்காதீர்கள். அடிவானத்துக்குக் கலக்கிய அதே வெளிறிய நிறத்தில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்து மலைக்கு அதில் துளி சாம்பல் நீலம், அதற்கு முன்னால் இருப்பதற்குக் கொஞ்சம் பச்சை, அதற்கும் முன்னால் இன்னும் கொஞ்சம். மூன்று அடுக்கு போதும். தூரம் கூடக்கூட நடுவில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, அதனால்தான் மலை நீலமாகி வெளுத்துப்போகிறது. எல்லா அடுக்கிலும் ஒரே அடிநிறம் கலந்திருந்தால் அந்தக் காற்று தானாக வந்துவிடும். கடைசி அடுக்கில் மரம் வேண்டுமென்றால் ப்ரஷ் வேண்டாம், பிய்த்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.


சல்லடை:

மூலைக் கோட்டுக்கு ஒரே வழி, மூலையே இல்லாமல் செய்வது. இரண்டு பலகையையும் செங்கோணத்தில் சேர்க்காமல், ஒரே தகட்டை வளைத்துக் கொண்டுபோங்கள். ஆரம் 30 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கண்ணுக்கு மூலை தெரியாது. ஹார்ட்போர்டின் பின்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, ஒரு இரவு மெல்ல வளைத்துக் கட்டி வைத்தால் ஒடியாமல் வரும். பலகைகள் சேரும் இடத்தை மூட்டின் மேல் மூட்டாக இடித்து வைக்காமல் மெல்லிய இடைவெளி விட்டு, மேலே வலைத்துணிப் பட்டை ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போடுங்கள். ஈரப்பதம் மாறும்போது பலகை விரியும் சுருங்கும், இடைவெளி இல்லையென்றால் வானத்தில் விரிசல் விழும். எனக்கு விழுந்தது, ஒரு மழைக்காலம் முழுக்க ஆகாயத்துக்குப் பட்டி பார்த்தேன்.

நிழல் விஷயம் பெயின்டில் தீராது. ஒற்றை பல்ப் போட்டிருக்கிறீர்கள், சரியா? விளிம்பு கூர்மையாக விழும் நிழல் அதில் இருந்துதான் வரும். மேசையின் முன்விளிம்புக்கு மேலே நீளவாக்கில் எல்இடி பட்டை போடுங்கள், நிழல் பிசுபிசுத்துக் கலைந்துவிடும். இன்னொரு வரிசையைப் பலகைக்கு அருகில் மேலே வைத்து வானத்தை மட்டும் நனைக்கிற மாதிரி திருப்புங்கள். உயரமான மரத்தைப் பலகையை ஒட்டி நடாதீர்கள். வெளிச்சத்தின் நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வினுக்குள், நிறக் குறியீடு (CRI, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) 90க்கு மேல். முக்கியமாக, விளக்கை முதலில் மாட்டிவிட்டு அந்த வெளிச்சத்திலேயே வண்ணம் கலக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கலக்கிய பச்சை இரவில் வேறு பச்சையாகிவிடும்.

மரம் என்றதும் நினைவு வருகிறது, உங்கள் மரங்கள் எவ்வளவு உயரம்? 15 மீட்டர் மரம் ஹெச்ஓவில் 17 செ.மீ. இருக்க வேண்டும். பெட்டியில் வரும் 7 செ.மீ. மரம் நிஜத்தில் ஆறு மீட்டர்தான், மா மரக்கன்று வளர்ந்த மாதிரி. முன்னால் ஒன்றிரண்டு பெரிய மரம், பின்னால் போகப்போகச் சின்னது என்று வைத்தால் ஆழமும் கிடைக்கும், சின்ன மரம் வாங்கிய செலவும் வீணாகாது.


நிழல்வண்டி:

எண்பத்தேழு சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. கை வராதவர்கள் மலை வரைவதில் ஆறு மாதம் போக்கத் தேவையில்லை. வானத்தை மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, மலையை நீங்களே எடுத்த போட்டோவில் இருந்து அச்சடித்து ஒட்டுங்கள். முழுப் படத்தை ஒட்டினால்தான் ஸ்டுடியோத் திரை மாதிரி ஆகும். வானத்தை வெட்டி எறிந்துவிட்டு மலைவிளிம்பு, தோப்பு இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டால் அற்புதமாக வரும்.

படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் நிறச்செறிவையும் கான்ட்ராஸ்ட்டையும் தயங்காமல் குறையுங்கள், திரையில் பார்க்கச் செத்துப்போன மாதிரி இருந்தால்தான் பலகையில் சரியாக இருக்கும். மேட் தாள். படத்தில் வெயில் இடமிருந்து அடிக்கிறதா வலமிருந்தா என்று பாருங்கள், உங்கள் விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ஏதோ தப்பு என்று எல்லோருக்கும் தோன்றும், என்ன தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. மேகமூட்டமான நாளில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெட்டியபின் ஒரு சின்ன வேலை, இதைத்தான் யாரும் செய்வதில்லை. தாளின் வெட்டுமுனை வெள்ளையாகத் தெரியும், மலைமுகட்டில் பனிக்கோடு போட்ட மாதிரி. தாளைக் குப்புறப் போட்டு விளிம்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து ஒல்லியாக்குங்கள், அப்புறம் சாம்பல் நிறப் பென்சிலைப் படுக்கவைத்து அந்த விளிம்பின் ஓரமாக ஒரு இழுப்பு. ஒட்டினால் தாள் என்றே தெரியாது.

அடிவானம் எந்த உயரத்தில் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குப்படி அது பார்ப்பவரின் கண் உயரத்தில் வர வேண்டும். மேசை 105 செ.மீ., கண் 150 என்றால் மேசைக்கு மேல் 45 செ.மீ.யில் அடிவானம். அப்படி வைத்தால் காட்சி முழுக்கப் பறவை பார்ப்பது போல ஆகிவிடும், ரயில் பொம்மையாகத் தெரியும். நான் 12 செ.மீ.யில் வைத்திருக்கிறேன். கணிதம் கோபித்துக்கொள்ளும், கண் கோபித்துக்கொள்ளாது. முடிந்தால் மேசையையே உயர்த்துங்கள், அது இதைவிட நல்லது.


எண்பத்தேழு:

போட்டோ வெட்டுவது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண இங்க்ஜெட் மை ஜன்னல் வெயில் பட்டால் வெளுக்கும், அதுவும் ஒரே சீராக வெளுக்காது, சில வருடத்தில் மலை ஊதாவாகவோ மஞ்சளாகவோ திரும்பி நிற்கும். நிறமி மை என்றால் தாங்கும். எனக்குப் பெயின்ட் பிடித்ததற்குக் காரணமே, பிடிக்கவில்லையென்றால் மறுநாள் மேலேயே அடித்துக்கொள்ளலாம்.


வளைவு18:

மேசை ஆழம் போதாதவர்கள் கண்ணாடியையும் யோசியுங்கள். கலிஃபோர்னியாவில் மான்டெரேயில், மாதிரி ரயில் கட்டுவதில் பேர்போன ஜான் ஆலன் கட்டிய லேஅவுட்டில் கண்ணாடியை வைத்துத்தான் பல இடங்களில் இடத்தை இரட்டிப்பாகக் காட்டினார். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து அது போய்விட்டது, படங்கள்தான் மிச்சம். பாலத்துக்கு அடியிலோ இரண்டு கட்டிடங்களுக்கு நடுவிலோ ஒரு துண்டு போதும். பார்ப்பவர் முகம் அதில் தெரியாதபடி சற்று சாய்க்க வேண்டும், பக்கத்தில் பெயர்ப்பலகை எதுவும் இருக்கக் கூடாது, எழுத்து இடவலமாகத் திரும்பித் தெரியும்.


கிளைப்பாதை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. மேகங்கள் போய்விட்டன. வெளுத்த அடிவானம் முதல் தடவை பட்டை பட்டையாக வந்தது, பெயின்ட் சீக்கிரம் காய்ந்துவிட்டது. இரண்டாம் தடவை கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, தம்பியை ரோலரோடு ஓடவிட்டு, நான் பின்னாலேயே ப்ரஷ்ஷோடு போனேன், சரியாக வந்தது. மலை இரண்டு அடுக்கு பெயின்ட், முன் அடுக்கு மட்டும் போட்டோ. இருவர் சொன்னதையும் கேட்டமாதிரி ஆயிற்று.

சாலையை வளைத்து மறைக்க ஒரு மேடு கட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தெர்மோகோல் அடுக்கி, கையில் கிடைத்த ஸ்ப்ரே பெயின்ட்டை அதன் மேல் அடித்துவிட்டேன், அடித்த இடமெல்லாம் கரைந்து குழியாகிப் பல்லிளித்தது. ஒரு மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் அந்தக் குழிகள் மழையில் அரித்த மண்சரிவு மாதிரி இருந்தன, மேலே பிளாஸ்டரில் நனைத்த துணியைப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். தற்செயலாக நல்ல மேடு.

ஒரு கேள்வி பாக்கி. தரைக்கு நிஜ மண்ணையே சலித்துப் போடலாமா?


சல்லடை:

என் பெயரே அதுதானே, தாராளமாகப் போடலாம். நன்றாகக் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மண்ணுக்குள் நான்கைந்து தடவை துழாவுங்கள். கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும், அது இரும்பு, விட்டுவிட்டால் என்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். தூவியபின் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரைத் தெளித்து, பிறகு வெள்ளை மரப்பசை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லையென்றால் பசை உருண்டையாகி மண்ணின் மேல் உருளும். தடமாற்றியின் நகரும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் கை நடுங்காமல் விடுங்கள், அங்கே பசை இறங்கினால் வண்டி அன்றைக்கே தடம் புரளும்.

ஈரத்தில் மண் கறுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் வெளுக்கும். எதற்கும் முதலில் ஒரு அட்டைத் துண்டில் போட்டு, காயவிட்டு, உங்கள் மலைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.