புதுப்பிப்பு: மாற்றியம் ஏழா, எட்டா?

வியாசர்பாடியில் பதினொன்றாவது படிக்கும் அக்கா மகளுக்காகக் கேட்டிருந்தேனே: நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், மொத்தம் எத்தனை மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு வேறு அமைப்பு கொண்ட சேர்மங்கள்)? ஏழு, எட்டு என்று சண்டையே நடந்தது. இரண்டும் சரிதான். அமைப்பு மாற்றியம் (அணுக்கள் எதனோடு எது இணைகிறது என்பது மாறுவது) மட்டும் என்றால் ஏழு: ஆல்கஹால் நான்கு, ஈதர் மூன்று. எட்டாவது, பியூட்டன்-2-ஆலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் இரண்டாவது கார்பனில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில், மெத்தில், எத்தில் என நான்கும் வேறு வேறு. களிமண் உருண்டையில் துடைப்பக் குச்சி செருகி, கண்ணாடி பிம்பம்போல இரண்டு மாதிரி செய்தோம். எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. அதனால் இதை இரண்டாக எண்ணினால் மொத்தம் எட்டு.

அப்புறம், கொதிநிலை கேட்டவருக்கு: டைஎத்தில் ஈதர் சுமார் 35 டிகிரி, பியூட்டன்-1-ஆல் சுமார் 118. இரண்டும் இந்த ஏழில் உள்ளவைதான்; ஆல்கஹால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதுதான் காரணம். மே மாத வடசென்னையில் ஈதருக்கு அடுப்பே வேண்டாம்!