நாலு வயதுக் குழந்தைகளோடு வடிவங்களைப் பற்றி எப்படிப் பேசலாம்?

வணக்கம். என் வகுப்பில் எல்லாருக்கும் நாலு வயது. வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் பெயர் சொல்லிவிடுவார்கள். ஆனால் முக்கோணத்தைத் தலைகீழாக வைத்தால் "இது முக்கோணம் இல்ல" என்கிறார்கள். சதுரத்தைச் சாய்த்தால் அது டைமண்ட் ஆகிவிடுகிறது. இந்த வயதில் பக்கங்களை எண்ணாமல் மொத்தத் தோற்றத்தை வைத்து அடையாளம் காண்பது இயல்புதான். அடுத்த படிக்கு விளையாட்டாகவே கூட்டிப்போக ஆசைப்படுகிறேன்.

1837இல் ஜெர்மனியில் சிறுவர் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல் மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம் மூன்றையும் குழந்தைகள் கையில் கொடுத்தார். நானும் அப்படிக் கொடுத்தேன். ஒரு குழந்தை உருளையைப் படுக்கவைத்து உருட்டினாள். அப்புறம் நிமிர்த்தி வைத்துத் தள்ளிப் பார்த்து, "இப்ப சறுக்குது, உருளல" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! இந்த மாதிரிப் பேச்சுதான் வேண்டும்.

"இது என்ன வடிவம்?" என்பதைத் தவிர வேறு என்னென்ன கேட்கிறீர்கள்? பெட்டியின் பக்கங்களைச் சாயத்தில் தோய்த்து அச்சுப் பதிப்பது, களிமண், தாள் மடிப்பு, இவற்றில் எதில் குழந்தைகள் அதிகம் பேசுகிறார்கள்? பேசத் தயங்கும் குழந்தைகளை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள்? ஒர்க்‌ஷீட் மட்டும் வேண்டாம். செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.