நெடுந்தூரச் சவாரிக்குச் சேணம்: திண்டு சேர்ப்பதா, சேணத்தையே மாற்றுவதா?

கேள்வி:

வணக்கம். இதுவரை ஒரு மணி நேரச் சவாரிகளே செய்துவந்த நான், சில மாதங்களாக ஒரே நாளில் 40 கிலோமீட்டர் வரை போகத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது எல்லாவகைச் சவாரிக்கும் பொதுவான ஆங்கில வகைச் சேணம். 3 மணி நேரத்தைத் தாண்டினால் எனக்கு முழங்காலும் இடுப்பும் வலிக்கின்றன. சென்ற வாரம் சேணத்தைக் கழற்றியபோது, குதிரையின் முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்திருக்க, தோள்மேட்டுக்கு (கழுத்து முதுகோடு சேரும் இடத்து மேடு) இருபுறமும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. அடியில் ஒரு ஜெல் திண்டு போட்டால் சரியாகுமா, சேணத்தையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:

தயவுசெய்து இப்போதைக்குத் திண்டு வாங்காதீர்கள். அழுத்தம் மிகுந்த இடத்திலும் வியர்வை வராமல் போகலாம். சேணம் படாத இடமும் காய்ந்திருக்கலாம். ஆனால் தோள்மேட்டின் இருபுறமும் ஒரே அளவில் காய்ந்திருப்பதாகச் சொல்வதால், உங்கள் சேணத்தின் உட்சட்டம், அதாவது உள்ளே இருக்கும் விறைப்பான சட்டம், அந்தக் குதிரைக்குக் குறுகலாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். குறுகிய சட்டத்துக்கு அடியில் திண்டு போடுவது, கடிக்கிற காலணிக்குள் இன்னொரு காலுறையையும் மாட்டிக்கொண்டு நடப்பதைப் போன்றது. அழுத்தம் நீடித்தால் மயிர்க்கால்கள் சேதமடைந்து அங்கே வெள்ளை முடி முளைக்கும். அந்த வெள்ளை பெரும்பாலும் பிறகு மாறுவதில்லை.

விரிப்பும் வயிற்றுப்பட்டையும் இல்லாமல், குதிரையைச் சமதளத்தில் நிறுத்திச் சேணத்தைச் சற்று முன்தள்ளி வைத்து, அது தானாக நிற்கும் இடம்வரை பின்னோக்கி நகர்த்துங்கள். இன்னொருவரைக் குதிரையின் முன்னங்காலைத் தூக்கி முன்னோக்கி நீட்டச் சொல்லிவிட்டு, உங்கள் கையைச் சேணத்தின் முன்பகுதிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கால் நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழலும். அப்போது உங்கள் விரல்கள் நசுங்கினால், குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதே நெரிசலைத் தாங்குகிறது என்று பொருள். பிறகு கையை அப்படியே பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போங்கள். முன்னும் பின்னும் அழுத்தி, நடுவில் மட்டும் கை தாராளமாகப் போனால், சேணம் பாலம்போல் நிற்கிறது. நெடுந்தூரத்தில் இதுவும் பெருந்தொல்லை.

முதுகெலும்புக்கு மேலான நடுப்பள்ளம் முன்னிருந்து பின்வரை குறைந்தது 3 விரல் அகலம் இருக்க வேண்டும். குதிரைக்கு வழக்கமாக 18 இணை விலா எலும்புகள் உண்டு. கடைசி விலாவை விரலால் தடவி மேலே முதுகுவரை கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கும் பகுதி அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது.

பதில் 2:

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். உங்கள் வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நானும் அதில் ஏமாந்திருக்கிறேன். கடையில் இருந்த மரக்குதிரையின் மேல் 5 நிமிடம் உட்கார்ந்து பார்த்து, மெத்தென்ற இருக்கைக்காகவே ஒரு சேணத்தை வாங்கினேன். 2 மணி நேரத்தில் அந்த மென்மை அமுங்கி, உட்காரும் எலும்புகள் அடிச்சட்டத்தில் இடிக்கத் தொடங்கின. நெடுந்தூரத்துக்கு மென்மையைவிட வடிவமே முக்கியம். தொடைகளுக்கு இடையே வரும் பகுதி உங்களுக்கு அகலமாக இருந்தால் இடுப்பு வலிக்கும். அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) தொங்கும் இடம் அதிகம் முன்னால் இருந்தால் கால்கள் முன்னே ஓடி, உங்கள் பாரம் முழுவதும் சேணத்தின் பின்விளிம்பில் விழும். முழங்காலுக்கு அங்கவடி வாரின் நீளத்தை ஓரிரு துளை மாற்றிப் பாருங்கள். பாதம் வைக்கும் பகுதி அகலமான அங்கவடியும் நல்ல மாற்றம் தரும். வாங்குமுன் சோதனைக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டு, ஓட்டநடையில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை அந்தச் சோதனையைச் செய்தேன். இடது காலை நீட்டியபோது என் விரல்களை இழுக்கவே முடியவில்லை. சேணத்தை மாற்றிவிடுகிறேன். உட்சட்டம் இல்லாத சேணம் எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில் 3:

எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். உட்சட்டத்தின் வேலையே பாரத்தை முதுகின் இருபுறத் தசைகளுக்கும் பரப்புவது. அது இல்லாதபோது, முதுகெலும்புக்கு இடைவெளி தரும் தனி விரிப்பு கட்டாயம் வேண்டும்; அங்கவடி தொங்கும் இடத்திலும் பாரம் குவியும். அமெரிக்கக் குதிரைப்படை 1859இல் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணத்தைப் பாருங்கள்: நடுவே நீளவாக்கில் திறந்த இடைவெளி விட்டு, பாரத்தை இரு பலகைகளில் தாங்கும். நாள் முழுவதும் பயணம் செய்யும் குதிரையின் முதுகெலும்பைத் தொடக் கூடாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, பயிற்சி கூடக்கூட உங்கள் குதிரையின் முதுகுத் தசை மாறும். கம்பளி அடைத்த அடித்திண்டும் நாளடைவில் அமுங்கும். ஆகவே புதுச் சேணத்தையும் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் செய்யுங்கள். 160 கிலோமீட்டர் போட்டிகளில் கால்நடை மருத்துவர்கள் வழியிலேயே குதிரையின் முதுகை அழுத்திப் பார்ப்பார்கள். அதையே நீங்கள் சவாரி முடிந்த அன்றும் மறுநாள் காலையிலும் செய்யலாம். விரல்நுனியால் குத்தாமல், விரல்களின் தட்டையான பகுதியால் தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை சீராக அழுத்திக்கொண்டு போங்கள். எங்காவது முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னோக்கி மடக்கினாலோ, அந்த இடத்தைக் குறித்துவைத்து, சேணம் பொருத்துபவரிடம் காட்டும்வரை சவாரியை நிறுத்திவையுங்கள்.